எது இடது என்று நீங்கள் கேட்ட காலை

அன்புள்ள அத்தை,

இன்று காலை அம்மா சரசுவதி பூசைக்காகப் பெரிய எவர்சில்வர் தட்டை அலமாரியின் மேலிருந்து இறக்கினார். "புக்கெல்லாம் கொண்டாந்து இதுல வை. பரீட்சை புக்க மேல வை," என்று என் கையில் கொடுத்தார். தட்டின் விளிம்பு மடிந்திருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். ஓராண்டில் எத்தனையோ முறை கழுவியிருப்பார்கள். மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

அதில் புத்தகத்தை வைக்க எனக்குக் கை வரவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதமும் உங்களைப் பற்றி எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். "லோரி பிரேக்க அந்தம்மா தானே மாட்டிச்சு. தப்பா மாட்டிச்சு. அதான் போயிடுச்சு." கோயிலிலும் சொல்கிறார்கள், கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள். அப்பாவே சொல்கிறார். அது உண்மையில்லை என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இன்று மதியம் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவார்கள். உங்கள் பேச்சு வரும். வாயைத் திறப்பேனா, வழக்கம்போல ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குமுன் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு பூசைக்கு ஒரு வாரம் முன்பு லோரியின் பின்சக்கரம் கத்த ஆரம்பித்தது. நீங்கள் பிரேக்கை மிதித்தால் நாலாங்கட்டை முச்சந்தியில் திரும்பும்போதே எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அம்மா உடனே அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார். "உங்க அத்தை வருது. ஊருக்கே தெரியும்லா," என்பார்.

என்னையும் ஏற்றிக்கொண்டு நீங்கள் கம்பார் பட்டணத்துக்குப் போனீர்கள். வண்டி பழுதுபார்க்கும் போர்மேன் கடையில் அந்த மெக்கானிக் அண்ணன் துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். லோரியைப் பார்த்தார். பிறகு உங்களைத் தாண்டி, யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்.

"லோரி யாருதுக்கா? அண்ணன வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

"லோரி என்னுது. கத்துறதும் என்னோட பிரேக்குதான். பேசுறதும் நான்தான்," என்றீர்கள்.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, வெறுமனே சிரித்தார். தீபாவளி வரைக்கும் இடமில்லை, லோரிகள் வரிசையில் நிற்கின்றன என்றார். மறுவாரமே உங்களுக்குக் கூடாரம் போடும் வேலை இருந்தது. திரும்பி வரும் வழியில் ஸ்டியரிங்கைத் தட்டினீர்கள். "சக்கரத்துக்குள்ள என்னா சாமியா உட்கார்ந்திருக்கு, நம்ம தொறந்து பார்க்கக் கூடாதுன்னு?"

மாமா இறந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்களிடம் இருந்தவை அந்தச் சின்ன லோரியும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாடகைக்கு விடும் கூடாரங்களும், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். அப்பா விற்றுவிடச் சொன்னார். நீங்கள் லோரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தீர்கள். அதனால் பிரேக்கை நீங்களே மாற்றப்போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்து யார் ஜெயித்தார்கள்?

என் வேலை புத்தகம் படிப்பது. அந்த லோரிக்கான பழுதுபார்ப்புக் கையேட்டை இணையத்தில் தேடி, கம்பாரில் ஒரு கடையில் அச்செடுத்து வந்தேன். எல்லாம் ஆங்கிலம். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நீங்கள் குந்தியிருந்து, பரீட்சைக்குப் படிப்பவரைப்போல உதடசைத்துக் கேட்டுக்கொண்டீர்கள். டிரம் என்பது சட்டியைக் கவிழ்த்ததுபோல இருக்கும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்சுவரைக் கவ்வும். ஷூ தேயத் தேய இடைவெளி கூடும் அல்லவா? அதைச் சரிக்கட்ட, இரண்டு ஷூக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு திருகு, அதன்மேல் ஒரு பல்சக்கரம். அட்ஜஸ்டர் என்று பெயர். லோரியைப் பின்னால் எடுத்துப் பிரேக் போடும்போதெல்லாம் அது பல் பல்லாகத் திரும்பித் தானே நீண்டுகொள்ளும்.

"இடது பக்கத்து அட்ஜஸ்டர வலது பக்கம் போடக்கூடாதாம் அத்தை. ரெண்டும் எதிர் எதிராச் சுத்துமாம். மாத்திப் போட்டா நீளுறதுக்குப் பதிலா சுருங்கிக்கிட்டே போகுமாம்."

இதை நான்தான் உங்களுக்கு வாசித்துச் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் உடனே சொன்னீர்கள்: "அப்ப ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் தொறக்கணும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது." நீங்கள் எதுவும் தெரியாமல் இறங்கினீர்கள் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். யாரும் சொல்லித்தராமல் உங்களுக்கே தோன்றியது இது.

ஆயுத பூசையன்று காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தீர்கள். ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் தடித்த கட்டைகளைக் கொடுத்தீர்கள். வீட்டுக்குப் பின்னால் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் கொஞ்சம் வெட்டாமல் நிற்கின்றனவே, அன்று வெயிலுக்கு அவற்றின் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. பட்டென்று ஒரு சத்தம், பிறகு கொட்டை எங்கோ தகரக் கூரையில் விழும். ஒவ்வொரு முறையும் கட்டைதான் சரிந்துவிட்டதோ என்று நான் துள்ளினேன். "லோரி விழுந்தா 'பட்'டுன்னு விழாதுடி, பயப்படாதே," என்று அடியில் குனிந்தபடியே சொன்னீர்கள். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

டிரம் வர மறுத்தது. சுற்றிலும் சுத்தியலால் தட்டி, எண்ணெய் விட்டு, திட்டி, கடைசியில் இழுத்தபோது கறுப்புத் தூசி கொட்டியது. "ஊதாதே, மூச்சை இழுக்காதே," என்று ஈரத்துணியைப் போட்டு மூடினீர்கள். உள்ளே ஷூ தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருந்தது. "பாரு, இதுக்குத்தான் கத்தியிருக்கு. பாவம்," என்றீர்கள், ஏதோ ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

இடது பக்கத்துச் சாமான்களைக் கழற்றி முடித்த நேரம் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, நல்ல நேரம் பதினொன்றரையோட முடியுது. ஆயுத பூசை அன்னிக்கு வண்டி கால் ஒடிஞ்சு நிக்குது. அந்தச் சாமானாவது கழுவித் தட்டுல வைங்க."

பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அது உங்களுக்கும் தெரியும். வைத்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும். நீங்கள் கையைப் பார்த்தீர்கள், வெயிலைப் பார்த்தீர்கள்.

"ஒரு பக்கம் மட்டும் வைக்கவா?"

"ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசையா? மத்தப் பக்கம் என்னா பாவம் செஞ்சுச்சு?" என்றார் அம்மா.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். வலது பக்கத்தையும் திறந்தீர்கள். உங்கள் ஒழுங்கை நீங்கள் மீறியது அந்த ஒரு முறைதான். அதுவும் அம்மா மனம் கோணக்கூடாது என்பதற்காக, சாமிக்காக. அப்போதுகூடக் கவனமாக இருந்தீர்கள். இடது பக்கத்துச் சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்புக் கயிறு கட்டினீர்கள், வலது பக்கத்தில் வெள்ளை. "சிவப்பு இடது, வெள்ளை வலது. பார்த்துக் கழுவு டீச்சரம்மா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள்.

அந்தக் கயிறுகளை நான் அறுத்துவிட்டேன், அத்தை.

வேண்டுமென்று இல்லை. அகன்ற பிளாஸ்டிக் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கயிறுகள் கறுத்து, எண்ணெய் குடித்து, செத்த புழுபோலத் தொங்கின. சாமி தட்டில் இதை எப்படி வைப்பது என்று தோன்றியது. கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டேன். இடது பக்கத்தை இந்தப் பக்கமும் வலது பக்கத்தை அந்தப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு சோப்புப் போட்டேன், துடைத்தேன், அடுக்க ஆரம்பித்தேன். அடுக்குவதில் எனக்கு எப்படிப்பட்ட பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி நூலகத்தில் மூன்று ஆண்டுகளாக அதைத்தானே செய்கிறேன். ஒரே இனம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். புது ஷூ நாலையும் விசிறிபோல விரித்தேன். நீள ஸ்பிரிங் ஒரு ஜோடி, குட்டை ஸ்பிரிங் ஒரு ஜோடி. நடுவில் இரண்டு அட்ஜஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள்போல. எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். பல்சக்கரங்களின் முகத்தில் மட்டும் பெரிய பொட்டு, அழகுக்கு.

நீங்கள் ஈரத்தலையோடு வந்து பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றீர்கள். "அடியே, பிரேக்குக்கு லைப்ரரியே கட்டிட்டியா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா கற்பூரம் காட்டினார். அந்த வெளிச்சம் தட்டின்மேல் ஆடியபோதுதான் நடுவில் கிடந்த இரண்டையும் பார்த்தேன். எது சிவப்பு, எது வெள்ளை? எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் கண்ணைத் திறந்து அந்த இரண்டு துண்டு இரும்பையும் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டுப் பார்க்கவும் முடியாது, பூசையில் இருக்கிறது. நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நீங்கள் இடது சக்கரத்துக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள். அப்பா வாசற்படியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "டீச்சரும் ஸ்டூடண்டும் சேர்ந்து லோரிய பிளேன் ஆக்காம விட்டாச் சரி," என்றார். அம்மா உள்ளிருந்து சிரித்தார். ஷூவை வைத்தீர்கள், ஸ்பிரிங்கை மாட்டினீர்கள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினீர்கள்.

"எது இடது?"

தெரியவில்லை என்று ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பீர்கள், பிறகு இரண்டையும் உருட்டிப் பார்த்து, கையேட்டைப் புரட்டி, எப்படியாவது கண்டுபிடித்திருப்பீர்கள். அப்பா அன்று முழுக்கக் கேலி செய்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தக் கேலிக்குத்தான் பயந்தேன். புத்தகம் படிக்கிற பிள்ளை, எல்லாம் தெரிந்த பிள்ளை என்ற பெயர் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒன்றை எடுத்து உங்கள் கையில் வைத்தேன். "இது அத்தை."

"நிச்சயமா?"

"நிச்சயமா. எனக்கு ஞாபகம் இருக்கு."

"நீ சொன்னா சரிதான்," என்றீர்கள்.

இரண்டில் ஒன்று சரியாக இருக்கத்தானே வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீங்கள் மாட்டியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தீர்கள். பல்சக்கரத்தைக் கையால் திருகி, டிரம் லேசாக உரசும்வரை நீட்டினீர்கள். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தீர்கள். மிதித்த இடத்தில் லோரி நின்றது. கத்தல் இல்லை. அப்பாகூட, "பரவால்லையே," என்றார். உங்கள் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். என் ஊகம் சரியாகிவிட்டது என்று நானும் நிம்மதியானேன்.

தவறாக மாட்டினாலும் முதல் நாள் நன்றாகத்தான் நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதன்பிறகு வந்த மாலைகளை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். என் மேசை சன்னலோரம் இருக்கிறது. ஐந்தரை, ஆறு மணிக்கு நீங்கள் வருவீர்கள். லோரியை எப்போதும் பின்னாலெடுத்துத்தான் உள்ளே விடுவீர்கள், காலையில் கிளம்ப வசதியாக. பின்னால் வரும் சத்தம், ஒரு பிரேக், கொஞ்சம் முன்னால், திரும்பப் பின்னால், இன்னொரு பிரேக். பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுப்பீர்கள். அது கிறுக் கிறுக்கென்று ஏறும். நான் படித்துக்கொண்டே அதை எண்ணுவேன். கெட்ட பழக்கம், எதையாவது எண்ணிக்கொண்டிருப்பது. முதலில் ஐந்து. தீபாவளிக்கு ஆறு. பள்ளி விடுமுறையில் எட்டு.

பின்னால் வந்து பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இரண்டு பக்கத்திலும் பல்சக்கரம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்த ஒவ்வொரு மாலையும் ஷூ கொஞ்சம் உள்ளே சுருங்கியிருக்கிறது; அதே ஷூவை இழுக்கும் ஹேண்ட்பிரேக் அதனால்தான் கூடுதலாக ஏறியிருக்கிறது. நான் சன்னலோரம் உட்கார்ந்து அதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் கேட்கவும் செய்தேன். "அத்தை, ஹேண்ட்பிரேக் முன்னல்லாம் அஞ்சு தடவைதான் சத்தம் போடும். இப்ப எட்டு வருது."

"இதையுமா எண்ணுற? வேற வேலை இல்லையா உனக்கு? கேபிள் கொஞ்சம் நீண்டிருக்கும்லா." மறுநாளே நெம்புகோலுக்கு அடியில் இருந்த நட்டை முறுக்கினீர்கள். மறுபடி ஐந்து. அந்தச் சிவப்புக் கயிறு, வெள்ளைக் கயிறு விஷயத்தைச் சொல்லிவிட இன்னொரு வாய்ப்பு அது. ஐந்து கேட்டதும், அதுதான் சரியாகிவிட்டதே என்று நான் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

தை மாதக் கல்யாணம் ஒன்று மலைமேல், தேயிலைத் தோட்டத்துக் கோயிலில். முதல்நாளே கூடாரக் குழாய்களையும் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாக மேலே போனீர்கள். மறுநாள் காலை அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்தீர்கள். அம்மா சமையலறையிலிருந்து கத்தினார்: "அத்தைக்கு பெடல் கொஞ்சம் கீழ போவுதாம். வந்ததும் தொறந்து பார்க்கணுமாம். அந்தப் புக்க எடுத்து வைக்கச் சொல்லுது."

எடுத்து வைத்தேன். இந்த மேசைமேல்தான், சரியான பக்கத்தைத் திறந்து, பறக்காமல் இருக்க மேலே கல்லை வைத்தேன். இன்று சொல்லிவிடுவேன், வந்ததும் முதலில் அதைத்தான் சொல்வேன் என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை ஆனது. ஆறானது.

மலையிறக்கத்தில் பின்பிரேக் பிடிக்காததால் முன்பிரேக்குகளே எல்லாப் பாரத்தையும் தாங்கிச் சுட்டுப்போயிருக்கின்றன. வளைவில் உங்களுக்கு முன்னால் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நீங்கள் லோரியை மலைப்பக்கம் திருப்பி மண்சரிவில் மோதவிட்டீர்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. பின்னாலிருந்த இரும்புக் குழாய்கள் சும்மா இருக்கவில்லை, உங்கள் இருக்கைக்குள் பாய்ந்தன.

ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். இரண்டாம் நாள் மாலை உங்களுக்குப் பேச்சு வந்தது. அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கடையில கொடுத்திருக்கலாமேக்கா. நீயே மாட்டி..."

"நான் சரியாத்தான்டா மாட்டினேன்," என்றீர்கள். குரல் காற்றாக வந்தது. பிறகு கட்டிலின் கால்மாட்டில் ஃபிளாஸ்க்கோடு நின்ற என்னைப் பார்த்தீர்கள். "அவளும் இருந்தா. கேளு."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாப்பா, இருந்தேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வெந்நீர் பிடிக்கிறேன் என்று வெளியே போய்விட்டேன். வராந்தாவில் குழாயைத் திறந்துவிட்டு, ஃபிளாஸ்க் நிரம்பி வழிந்து கை சுட்ட பிறகும் அப்படியே நின்றேன். திரும்பி வந்தபோது நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். விடியுமுன் போய்விட்டீர்கள்.

உங்கள் சாவுக்கு, வீட்டில் மிச்சமிருந்த உங்கள் கூடாரங்களையே போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, உடைந்த லோரி கிடந்த இடத்துக்கு அப்பா அந்தக் கம்பார் மெக்கானிக் அண்ணனை அழைத்துப்போனார். நானும் போனேன். அவர் டிரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரை வெளியே எடுத்து விரலால் துடைத்தார். "இதென்னா, சந்தனமா?" என்றார். நகத்தால் கிளறினார். பல்சக்கரத்தின் முகத்தில், நான் பெரிய பொட்டு வைத்த இடத்தில், சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து குத்தியிருந்தது. ஆர். வலது.

"இடது சக்கரத்துல வலதுப்பக்கத்து சாமான் கிடக்கு அண்ணே. அந்த வலதுல பார்த்தா எல் இருக்கும்." இருந்தது. "மாத்தி மாட்டிட்டாங்க. வீட்டுல செஞ்சா இதான். நான் குறை சொல்லல. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "எங்கக்கா பிடிவாதம்தான் அதைக் கொண்டுபோச்சு." நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், ஒவ்வொரு முறையும்.

பள்ளியில் நான் இப்போது கை தூக்குவதில்லை. ஆசிரியர் என்னைத் தனியாக அழைத்து உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். விடை தெரிந்த கேள்விக்கும் எனக்கு உறுதியாகத் தெரிகிறதா என்று தெரியவில்லை, ஐயா, என்றேன். அவர் சிரித்தார்.

அம்மா கூப்பிடுகிறார். ஆட்கள் வந்துவிட்டார்கள்.

*

இப்போது மாலை. மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. படித்தால் கிழித்துவிடுவேன்.

பக்கத்து வரிசை வீட்டு அங்கிள் புதுக் காருக்குப் பூசை போட்டுவிட்டு நேராக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இலையில் உட்கார்ந்ததும் மருமகன் கதையை ஆரம்பித்தார். "அவன் வீடியோ பார்த்து ஏர்கான் கழட்டுறான். நான் சொன்னேன், டேய், நாலாங்கட்டை கூடார அம்மா கதை தெரியும்லா? தெரியாத வேலையில கை வைக்காதேன்னேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். "யாரு சொன்னாலும் கேக்காதுங்க எங்கக்கா."

நான் ரசச் சட்டியோடு நின்றிருந்தேன். அதைக் கீழே வைத்தேன். "அத்தைக்குத் தெரியும்," என்றேன்.

"என்னா?" என்றார் அம்மா.

"அந்த வேலை அத்தைக்குத் தெரியும். ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் மறுபக்கம் தொறக்கணும்னு சொன்னாங்க. பூசைக்காகத்தான் ரெண்டையும் தொறந்தாங்க. கயிறு கட்டிக் குடுத்தாங்க. நான்தான் அறுத்தேன். எது இடதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரியும்னு சொல்லி மாத்திக் குடுத்தேன். அத்தை சரியாத்தான் மாட்டினாங்க."

அம்மா, "என்னாடி உளர்ற, வெயில்ல நின்னியா?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசையா என்று கேட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டார். அங்கிள் பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

அப்பா கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு வந்து என் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்காவுக்குத் தெரியுமா, நீ ஊகத்துல குடுத்தேன்னு?"

"தெரியாதுப்பா."

"ஆஸ்பத்திரியில உன்னையப் பார்த்துச்சே."

"ஆமா."

"நீ தண்ணி பிடிக்கப் போன பிறகு நான் என்னா சொன்னேன் தெரியுமா?" அப்பாவின் வாய் கோணிக்கொண்டது. "இந்த நேரத்துலயாவது பொய் சொல்லாதேக்கான்னேன். அது சுவர்ப் பக்கம் திரும்பிக்கிச்சு. அதுக்குப் பிறகு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

நான் நினைத்திருந்தது, நிச்சயமா என்று நான் சொன்ன பொய்க்கு நீங்கள் உயிரைக் கொடுத்தீர்கள் என்று மட்டும்தான். உங்கள் தம்பியையும் அது கடைசி நேரத்தில் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்று இன்றுதான் தெரிந்தது.

அப்பா போனை எடுத்து சிலிம் ரிவரில் இருக்கும் பெரியப்பாவை அழைத்தார். "அண்ணே, சாப்பிட்டீங்களா? ஒண்ணு சொல்லணும். அக்கா பிரேக்க சரியாத்தான் மாட்டியிருக்கு. நம்மதான் தப்பாப் பேசிட்டோம்." அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ கேட்டார். அப்ப யார் என்று கேட்டிருப்பார். அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

சொன்னேன். பெரியப்பா கடைசிவரை கேட்டார். "சரி, போனை அப்பாகிட்ட குடு," என்றார்.

அடுத்தது லூமுட்டில் சின்ன அத்தை. உங்கள் தங்கை கேட்டு முடித்ததும் பெரிதாக அழுதார். "அக்கா உன்னைய எவ்வளவு நம்பினா. என் பிள்ளைங்கள விட உன்னையத்தான் பெருசாப் பேசுவா. ஒன்பது மாசம் வாயில என்னாடி வச்சிருந்த?" என்றார்.

மூன்றாவது மெக்கானிக் அண்ணன். இன்று கடையில் பூசை, பின்னால் மேளச் சத்தம் கேட்டது. அவருக்கு முதலில் புரியவில்லை, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, "ஐயையோ, நான் அந்தக்காவ எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன்," என்றார். அவர்களிடமெல்லாம் நீங்களும் சொல்லுங்கள் அண்ணே, என்றேன். சொல்கிறேன் என்றார். சொல்வாரா, தெரியாது.

அப்பா இப்போது வெளியே உட்கார்ந்திருக்கிறார். அம்மா எனக்குச் சோறு போட்டுவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இந்த வீட்டில் இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அத்தை. தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

நான் பார்த்த உங்கள் முகங்கள் எத்தனையோ இருக்கின்றன, பெரும்பாலும் சிரித்த முகங்கள். ஆனால் எப்போதும் என்னோடு இருக்கப்போவது நான் பார்க்காத ஒன்று. நான் வராந்தாவில் குழாயடியில் ஒளிந்து நின்ற நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிய முகம். அதை இந்தப் பக்கம் திருப்ப என்னால் முடியாது. ஆட்களிடம் சொல்லத்தான் முடியும்.

இன்று போனில் மூன்று பேரிடம் சொன்னேன்.